முகம் தெரியாத எட்டுப் பேருக்குத் தௌக்யானில் கைகூப்பலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ரங்கூனில் பயண ஏற்பாட்டு வேலை செய்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா மீது பறந்து காணாமல் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் எட்டுப் பேருக்கும் சேர்த்து, வரும் நவம்பரில் தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தித் தரச் சொல்லி, இங்கிலாந்திலும் கனடாவிலும் இருக்கும் குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. நாலு பேர் நேரில் வருகிறார்கள், மற்றவர்கள் போனில் பார்ப்பார்கள். நீங்கள் முன்கூட்டியே போய் அங்குள்ள தூண்களில் எட்டுப் பெயரையும் தேடியிருக்கிறீர்கள், ஒன்றுகூட இல்லை. பெயர் ஏன் இல்லை, கூட்டத்தை எப்படி நடத்துவது, விளக்கு ஏற்றலாமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், "என் ஆயாவின் அக்கா இந்த விமானங்கள் போட்ட குண்டில்தான் செத்தார் என்று வீட்டில் சொல்வார்கள், நான் எப்படி அங்கே நின்று கைகூப்புவது?" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் போகிற வழியில் மற்ற மூன்றுக்கும் பதில் வந்துவிடும்.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. 1990களிலிருந்து வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, இப்படிப்பட்ட குடும்பங்களைத் தௌக்யானுக்கும், இன்னொரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கும் தன்பியூசயாட்டுக்கும் ஐராவதி முகத்துவாரத்துக் கிராமங்களுக்கும் கூட்டிப் போனவன். அவர்கள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துப் படித்துப் பழகியது, கிராமத்துப் பெரியவர்கள் பர்மியத்தில் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னது, இவ்வளவுதான் என் படிப்பு. எலும்பை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதெல்லாம் வேறு ஆட்களின் வேலை, அதில் நான் கருத்துச் சொல்வதில்லை.

முதலில் பெயர். தௌக்யானில் நீங்கள் பார்த்த அந்த நீண்ட தூண் மண்டபம் ரங்கூன் நினைவுச் சின்னம். கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் தரைப்படைக்காரர்கள். பிரிட்டிஷ், காமன்வெல்த் விமானப்படைக்காரர்களில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள், அவர்கள் பர்மா மேல் விழுந்திருந்தாலும் வங்காள விரிகுடாவில் விழுந்திருந்தாலும், சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தெற்கு ஆசியா, கிழக்கு ஆசியா முழுவதற்கும் அந்த ஒரே இடம்தான். ஆகவே உங்கள் எட்டுப் பேரை யாரும் மறந்துவிடவில்லை. அவர்கள் பெயர் விமானத்தில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. குடும்பத்தாரிடம் கிராஞ்சியின் தூண் எண்ணைக் கேளுங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அவர்களுக்கே இது தெரியாமல் தௌக்யானில் பெயர் இருக்கும் என்று நம்பி வந்தால், வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். அறையிலேயே, முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த எழுபது வயது அம்மா, தூண் தூணாக விரலை வைத்துத் தேடியதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க மனமில்லை.

உடல் கிடைத்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தௌக்யானில் 6,374 கல்லறைகள், அவற்றில் 867 அடையாளம் தெரியாதவை. அக்யாப், மண்டலே, மெய்க்டிலா, சாமோ ஆகிய இடங்களில் போர்க்களத்துப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருந்தவர்களை 1951இலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊருக்குள்ளேயே இருக்கிற ரங்கூன் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். அங்கே ஃப்ளைட் சார்ஜென்ட் ஸ்டான்லி ஜேம்ஸ் உட்பிரிட்ஜ் என்ற வயர்லெஸ்காரர் கிடக்கிறார். 159ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு, இதே லிபரேட்டர். 1945 ஜனவரி 31 அன்று காட்டில் விழுந்த பிறகு ஆறு பேர் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். ஆறு பேரையும் சித்திரவதை செய்துவிட்டு, அதிகாரிகளைப் பிரித்துக்கொண்டு, மற்ற நாலு பேரையும் பிப்ரவரி 7 அன்று தலையை வெட்டினார்கள். வயர்லெஸ் சங்கேதங்களைப் பற்றி அவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது 1948இல்தான் வந்தது. அதே ஸ்குவாட்ரனின் வேறு விமானத்துக் குடும்பங்கள் வந்தாலும் அவர் கல்லின் முன் ஒரு நிமிடம் நிற்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள்.

அந்தத் தோட்டங்களில் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே விமானத்துக்காரர்களின் கற்கள் சில இடங்களில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி நிற்கும். அது கூட்டுக் கல்லறை. எரிந்து விழுந்த விமானத்தில் யார் எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியாதபோது எல்லோரையும் ஒரே குழியில் வைத்துவிடுவார்கள். அக்காலத்து ராயல் ஏர் ஃபோர்ஸ் கழுத்தில் கட்டிய அடையாள வில்லைகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, இரண்டும் நார் அட்டைதான். தீயிலும் பர்மா மழையிலும் நிற்காது. அதனால்தான் மோதிரம், கைக்கடிகாரம், என்ஜின் தகட்டு எண் என்று தேட வேண்டியிருந்தது. கனடா நாட்டு 435ஆவது ஸ்குவாட்ரனின் டகோட்டா சரக்கு விமானம் ஒன்று 1945 ஜூன் மாதம், மழைக்காலத்தில், சப்ளை கொண்டு போகையில் ஆறு பேரோடு காணாமல் போனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் காட்டில் அது கிடைத்தது. அந்த ஆறு பேரும் இப்போது தௌக்யானில்தான் இருக்கிறார்கள். உங்கள் எட்டுப் பேருக்கும் அப்படி ஒரு நாள் வரலாம் என்று குடும்பத்தாரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வராது என்றும் சொல்லாதீர்கள்.

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்மணியை முகத்துவாரத்துக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். தகப்பனார் ஒரு விமானத்தின் கன்னர், அதாவது துப்பாக்கிக்காரர். அவர் இறந்தபோது இவருக்கு வயது இரண்டு. கிராமத்துப் பெரியவர் ஒருவர் விமானம் விழுந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர். "எல்லோரும் அந்த இடத்திலேயே, உடனே போய்விட்டார்களா?" என்று அந்த அம்மா கேட்கச் சொன்னார். பெரியவர் சொன்னது இது: "நான் பக்கத்தில் போகவில்லை. அப்படித்தான் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்." நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம், உடனே" என்று மொழிபெயர்த்துவிட்டேன். அவர் அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார், நிம்மதியாக ஊருக்குப் போனார். ஆறேழு ஆண்டு கழித்து ஒரு கடிதம் வந்தது. போருக்குப் பிந்தைய விசாரணைக் காகிதங்கள் அவர் கைக்குக் கிடைத்திருக்கின்றன. இரண்டு பேர் உயிரோடு பிடிபட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் அவர் தகப்பனார். என்னைத் திட்டி ஒரு சொல் எழுதவில்லை. "அந்தப் பெரியவர் அன்று சரியாக என்ன சொன்னார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார். உண்மையை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அன்றிலிருந்து "இருக்கலாம்" என்பதை "ஆமாம்" என்று நான் மாற்றியதே இல்லை. நீங்களும் மாற்றாதீர்கள் தம்பி. துக்கத்தில் இருப்பவருக்கு நாம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பொய் அவர் கையில் நெடுநாள் தங்காது.

அதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கூட்டங்கள் யாருக்காக என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். வேறொரு விமானத்துக்காக ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் யாருக்கும் உறவு இல்லை. அந்த ஸ்குவாட்ரனில் என்ஜின் பார்த்த ஃபிட்டர், எண்பதைத் தொட்ட வயது. விமானம் கிளம்பும் முன் என்ஜின் சரியாக இருக்கிறது என்று ஃபிட்டர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பார்த்துப் பைலட்டும் கையெழுத்துப் போடுவார். ஃபாரம் 700 என்பார்கள். அன்றைக்கு அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் இவர். ஐம்பது வருஷமாக அந்தக் கையெழுத்தோடு வாழ்ந்திருக்கிறார். கிராமத்துப் பொங்கி மடத்தில், அதாவது புத்த பிக்குகளின் மடத்தில், மணிக்குப் பதிலாகத் தட்டுகிற இரும்பு வளையத்துக்குப் பக்கத்தில், புரொப்பெல்லர் இலை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அடிப்பக்கம் முறிந்து, நுனி மடங்கி, சுண்ணாம்பு பட்டு வெளுத்துப் போயிருந்தது. பெரியவர் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். நுனி முன்பக்கமாக வளைந்திருந்தது. என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது தரையில் மோதினால் இலை அப்படி முன்னால் சுருளும், நின்றுபோன என்ஜினின் இலை பின்னால் மடங்கும் என்று பிறகு எனக்கு விளக்கினார். "அப்படியானால் உங்கள் என்ஜின் கடைசி வரை ஓடியிருக்கிறது" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர், ஆறுதலாக. பெரியவர் தலையை ஆட்டினார். "இந்த ஒன்று ஓடியிருக்கிறது. விமானத்துக்கு நாலு என்ஜின்." அவருக்கு அவ்வளவு போதுமாயிருந்தது, அதற்கு மேல் ஒரு துளியும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் குழுவில் இருந்த எல்லோர் பெயரையும் படித்தார். உறவுக்காரர்கள் வந்திருந்தது மூன்று பேருக்குத்தான். மற்றவர்களின் பெயரை உரக்கச் சொல்ல அவரைத் தவிர அங்கே ஆள் இல்லை.

இப்போது உங்கள் ஆயாவின் அக்காவுக்கு வருகிறேன். அவர் எந்த ஆண்டு இறந்தார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று முதலில் கேளுங்கள். ரங்கூன் மீது முதலில் குண்டு போட்டவர்கள் ஜப்பானியர்கள், 1941 டிசம்பர் 23, மறுபடி கிறிஸ்துமஸ் அன்று 25. தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள், கூலி வேலைக்கு வந்த நம் ஆட்கள் அதில் ஏராளம். நம்மவர்கள் நடைப்பயணமாக அசாமை நோக்கிக் கிளம்பியது அதற்குப் பிறகுதான். 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியர் நகரத்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு 1945 மே வரை விழுந்தவை பிரிட்டிஷ், அமெரிக்கக் குண்டுகள். ஆகவே நடைப்பயணத்துக்கு முன்னால் செத்தார் என்றால் இந்த லிபரேட்டர்களுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் என்றால் இருக்கலாம். அப்போதும் இந்த எட்டுப் பேரின் விமானம்தான் என்று சொல்ல முடியாது. 1943 வாக்கில் பகலில் பெரும்பாலும் அமெரிக்கர்களும் இரவில் பெரும்பாலும் பிரிட்டிஷாரும் வந்தார்கள். பகல் குண்டா இரவுக் குண்டா என்று தெரிந்தாலே ஓரளவு பிரிக்கலாம். பல வீடுகளில் இந்த இரண்டு காலமும் ஒன்றாகக் கலந்து "குண்டு போட்ட சமயம்" என்று ஒரே பேச்சாகிவிட்டது. என் வீட்டிலும் அப்படித்தான்.

சரி, விசாரித்துப் பார்த்ததில் அது நேசநாட்டுக் குண்டுதான் என்று தெரிந்தால்? அப்போதும் நீங்கள் போகலாம் என்பது என் கருத்து. வருத்தத்தை மறைத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதோடேயே போங்கள். இந்த விமானங்கள் குறிவைத்ததில் முக்கியமானது பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியர் போடவைத்த ரயில் பாதை. அந்தப் பாதையைப் போட்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். 1943 ஜூனில் தன்பியூசயாட்டில் விழுந்த குண்டுகளில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த நேசநாட்டு வீரர்களே செத்திருக்கிறார்கள். இன்று அந்தத் தோட்டத்தில் 3,149 காமன்வெல்த் கல்லறை, 621 டச்சுக்காரர் கல்லறை. பக்கத்திலேயே காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்த தமிழ்க் கூலிகளுக்கு அங்கே கல் கிடையாது. தௌக்யான் தூண்களில் பாலமும் பாதையும் போடும் மதராஸ் சாப்பர்கள் படை உட்பட நம் பக்கத்துச் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு, முனுசாமிகளும் கோவிந்தன்களும் ஆங்கில எழுத்தில் இருக்கிறார்கள். ஆனால் நடுவில் பொறித்திருக்கும் வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகிய ஐந்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. முப்பது வருஷமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது. உறுத்தலோடுதான் ஒவ்வொரு முறையும் குடை பிடித்துக்கொண்டு அந்தக் குடும்பங்களோடு நின்றிருக்கிறேன். அந்த எட்டுப் பேரும் இருபதைத் தாண்டிய பையன்கள், ராத்திரியில் வங்காளத்திலிருந்து கிளம்பி, கடலையும் மழை மேகத்தையும் தாண்டி வந்து, யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் போட்டவர்கள். பிறகு அவர்களே எங்கே விழுந்தோம் என்று யாருக்கும் தெரியாமல் போனார்கள். உங்கள் ஆயாவின் அக்காவுக்கும் கல் இல்லை, அவர்களுக்கும் இங்கே கல் இல்லை.

நம் சடங்கில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தயங்க வேண்டாம். அமாவாசைத் தர்ப்பணம் முடிகிற இடத்தில், தாயும் தந்தையும் உறவும் நட்பும் இல்லாமல் போனவர்கள் எல்லோருக்கும் என்று சொல்லி ஒருமுறை நீர் விடுகிறோமே, அதில் சாதியோ தேசமோ கேட்பதில்லை. எள்ளும் நீரும் ஆற்றங்கரையிலோ கோயிலிலோ வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்தில் வேண்டாம். அங்கே விளக்கு ஏற்றலாம், ஆனால் கல் மீதோ வெண்கலத் தகட்டின் மீதோ வைக்காதீர்கள், எண்ணெய்க் கறை போகாது. ஒரு பித்தளைத் தட்டில் வைத்துப் புல்லோரம் தரையில் வையுங்கள், முதல் நாளே தோட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கற்பூரம், தேங்காய் வேண்டாம். பூ எது வேண்டுமானாலும் சரி. அவர்கள் போரில் இறந்தவர்களுக்கு வைக்கும் சிவப்புப் பாப்பிப் பூ வளையம் கொண்டுவருவார்கள், பக்கத்தில் நம் மல்லிகைச் சரம் இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கூட்டத்தை ஒன்பது மணிக்குள் தொடங்குங்கள். ஊரிலிருந்து 35 கிலோமீட்டர்தான், ஆனால் மிங்களாடான் பக்கம் வண்டி நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது, பத்து மணிக்கு மேல் நவம்பர் வெயிலே வயதானவர்களுக்குத் தாங்காது. நாலு மடக்கு நாற்காலி, தண்ணீர், குடை. பேச்சு வேண்டாம், அல்லது ஒரே ஒரு பேச்சு. எட்டுப் பெயரையும் படிப்பதுதான் முக்கியம். பதவி வரிசையில் படிக்காதீர்கள். அந்தத் தோட்டத்தில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான், அதுபோல அகர வரிசையிலேயே படியுங்கள். பெயர், வயது, விமானத்தில் என்ன வேலை, அவ்வளவு போதும். எட்டில் எத்தனை குடும்பம் கிடைத்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக ஒன்றிரண்டு பேருக்கு யாரையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், கல்யாணம் ஆகாத பையன், ஒரே பிள்ளை, இப்படி. அந்தப் பெயர்களை நீங்களே படியுங்கள். விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏனென்றால் அவர்கள் எட்டுப் பேராகத்தான் ஏறினார்கள். எப்படி இறந்தார்கள் என்று காகிதத்தில் இருப்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அன்று இரவு கிளம்பினார்கள், திரும்பவில்லை" என்ற ஒரு வரிக்கு நிற்கிற மௌனம் எந்த வர்ணனைக்கும் நின்றதில்லை.

கடைசிப் பெயர் முடிந்ததும் உங்கள் ஆயாவின் அக்கா பெயரையும் சொல்ல அனுமதி கேளுங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்டிருக்கிறேன், என் தாத்தாவின் தம்பிக்காக. நடைப்பயணத்தில் எந்த இடத்தில் விழுந்தார் என்றே தெரியாதவர். அன்று வந்திருந்த, விமானத்துக்கு வழி கணித்த ஒரு நேவிகேட்டரின் மகன் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க என்னிடம் மூன்று முறை கேட்டுப் பழகிக்கொண்டு, தானே படித்தார்.

எட்டுப் பெயரையும் அனுப்புங்கள். தமிழ் எழுத்தில் எழுதி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். வெல்ஷ், ஸ்காட்டிஷ் பெயர்களில் நம் நாக்கு தடுக்கும். ஆயாவின் அக்கா பெயரையும் சேர்த்து அனுப்புங்கள், அதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் பொறுப்பு.